தூங்குமூஞ்சி எழுதிய கனவுகள்

கனவே காணாத ஒருத்தன் கனவு எழுதிப் பேர் வாங்கினான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. நடந்தது அதுதான். ஆள் கெட்டவன் இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கிறவன்; தெருவிலும் லிஃப்ட்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். படுத்தால் கட்டை. தலையணையில் தலை பட்டதும் போனான் என்றால் காலையில் கைப்பேசி அலறும்போதுதான் திரும்பி வருவான். நடுவில் எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான்.

அவன் மனைவி நேர் எதிர். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். பகல் முழுக்க மாத்திரை அட்டையும் காலாவதித் தேதியும் பார்த்துச் சலித்த கண்கள், மூடினால் போதும், ஊர்ப்பட்ட அதிசயத்தையெல்லாம் பார்க்கும். காலையில் தேநீர் கொதிக்கிற நேரத்தில் அவள் அதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வாள். அவன் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு வாய் பிளந்து கேட்பான்.

ஒருநாள் கடல் முழுவதையும் போர்வை மாதிரி நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டாளாம். கதவிடுக்கில் மட்டும் கொஞ்சம் ஈரம் கசிந்துகொண்டே இருந்ததாம். இன்னொரு நாள் பேருந்துக்கு உள்ளே மட்டும் மழை. நடத்துனர் நனைந்த டிக்கெட்டை ஊதி ஊதிக் காயவைத்துக் கொடுத்தாராம். ஒருதடவை படிக்கட்டு ஒன்று அசந்து தூங்கிவிட்டது. அதை எழுப்பிவிடக் கூடாதென்று எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து ஏறிப் போனார்களாம்.

"அப்புறம்?" என்பான் லிஃப்ட்காரன்.

"அப்புறம் என்ன அப்புறம். நீங்க குறட்டை விட்டீங்க, முழிச்சிட்டேன்."

அவர்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டை சச்சரவே எட்டிப்பார்க்காத நேரம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். தேநீர் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த நாளெல்லாம் உண்டு. அதற்காக யாரும் யாரையும் திட்டியதில்லை.

ஊரின் ஓரத்தில் ஒரு தூக்க ஆராய்ச்சி மையம் இருந்தது. அங்கே லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஒருநாள் இவனை அனுப்பினார்கள். உள்ளே போனவனுக்கு ஒரே கூச்சமாகப் போய்விட்டது. நடைபாதை முழுக்க மெத்துமெத்தென்று விரிப்பு. நடந்தால் சத்தமே வராது. எல்லோரும் காதோடு காதாகப் பேசினார்கள். கதவுக்குக் கதவு 'உறங்குகிறார்கள்' என்று பலகை. இவன் ஸ்பேனரைக்கூடத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தான். லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'உங்கள் கனவு எங்களுக்கு வேண்டும்.' கீழே இணையதள முகவரி.

மாற்றுப் பாகம் வந்து சேரும்வரை சும்மாதானே உட்கார்ந்திருக்க வேண்டும்? கைப்பேசியில் அந்தத் தளத்தைத் திறந்தான். திறந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் தங்கள் கனவைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம், படிக்கலாம், அடுத்தவர் கனவுக்குக் கீழே கருத்து எழுதலாம். ஆராய்ச்சிக்காரர்கள் அதையெல்லாம் வகை பிரித்துப் படிப்பார்களாம். சொந்தப் பேர் கூடாது, புனைபெயர்தான். 'போர்வை' என்று ஒரு அம்மா, 'அரைத்தூக்கம்' என்று ஒரு ஆள், இப்படி.

இவனும் சேர்ந்தான். புனைபெயர் கேட்டது. யோசிக்கவே இல்லை. வீட்டில் மனைவி கூப்பிடுகிற பேர் ஒன்று தயாராக இருந்தது: தூங்குமூஞ்சி.

அடுத்து ஒரு வெள்ளைக் கட்டம் வந்து நின்றது. 'நேற்று என்ன கண்டீர்கள்?' அதற்குக் கீழே குட்டிக் குட்டிக் கேள்விகள். கனவில் நிறம் இருந்ததா? நீங்கள் ஆணா, பெண்ணா? என்ன வயது, என்ன வேலை? விழித்ததும் மனம் எப்படி இருந்தது? லிஃப்ட்காரன் என்ன கண்டான், மண்ணாங்கட்டி! ஆனால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மின்னி மின்னி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் விருந்தில் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் இலை இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. ஒரே ஒருதடவைதானே என்று நினைத்து, மடித்து வைத்த கடலை எழுதிவிட்டான்.

கடைசியில் ஒரு சின்னச் சதுரம். 'இது என் சொந்தக் கனவு.' அதில் ஒரு டிக் போட்டால்தான் போகும். வீட்டுக்காரியின் கனவு வீட்டுக்காரனுக்கும் சொந்தம்தானே என்று மனசுக்குள் ஒரு நியாயம் பேசிக்கொண்டான். தனக்குத் தானே நியாயம் பேசுகிறவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? டிக் போட்டான்.

லிஃப்ட் ஓட ஆரம்பிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'அலமாரியைத் திறந்து பார்த்தீங்களா அண்ணே? அலை இன்னும் அடிக்குதா?' என்று போர்வை கேட்டிருந்தாள். அவ்வளவுதான், இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒருதடவை என்றது பலதடவை ஆயிற்று. காலையில் மேடையில் சாய்ந்து கேட்பான். மத்தியானம் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில் உட்கார்ந்து எழுதுவான். பெரிய சக்கரம் சுற்றும், எண்ணெய் மினுங்கும் கம்பிவடங்கள் கீழே போகும் மேலே வரும், சுவரில் இருக்கிற கம்பி ஜன்னல் வழியாக மேகம் நகரும். அந்த இரைச்சலில் உட்கார்ந்துகொண்டு பேருந்துக்குள் பெய்த மழையை எழுதினான். தூங்குகிற படிக்கட்டை எழுதினான். புதிதாக வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகவும் ஆகிவிட்டான். 'நிறக் கேள்வியை விட்டுடாதீங்க, அதத்தான் அவங்க முக்கியமா பார்ப்பாங்க' என்று புத்தி சொல்வான். பெரிய இவன்!

ஒரே ஒருதடவை சறுக்கினான். 'ஓடும்போது என் வளையல் கழன்று கிணற்றில் விழுந்தது' என்று அப்படியே எழுதிவிட்டான். அரைத்தூக்கம் பிடித்துக்கொண்டான். 'தூங்குமூஞ்சியாரே, வளையலா?' இவன் 'கனவுல என்ன வேணா நடக்கும் தம்பி' என்று எழுதித் தப்பித்தான். அதையும் நம்பினார்கள். கனவு என்றால் எதையும் நம்பிவிடுகிற நல்ல ஜனங்கள்.

இதுவரைக்கும் விளையாட்டு. இதற்குமேல் விளையாட்டில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. அது ஆயிற்று பல வருஷம். அதைப்பற்றி இருவரும் பேசுவதில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்குகிற வாரத்தில், அந்தப் பெண் அம்மாவின் கனவில் வருவாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு வயது கூடி வருவாள். தவழ்ந்து வந்தாள், தத்தித் தத்தி வந்தாள், பல் விழுந்து பொக்கை வாயோடு வந்தாள். இந்த வருஷம் உயரத்துக்குச் சின்னதாகிப்போன பள்ளிச் சீருடையில் வந்தாள். கையில் சொந்தச் சாவி. கதவைத் தானே திறந்துகொண்டு, பையை மூலையில் எறிந்துவிட்டு, "அம்மா, தண்ணி" என்றாள். அம்மா சமையலறைக்கு ஓடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து பார்த்தால் பையும் இல்லை, பெண்ணும் இல்லை. எல்லா வருஷமும் முடிவு மட்டும் இதேதான். தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விடுவாள்.

இந்தக் கனவை அவள் அடுப்படியில் சொல்வதில்லை. விடியும்போது படுத்தபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சொன்னா அப்புறம் வரமாட்டா."

"சொல்லுவேனா?" என்றான் லிஃப்ட்காரன்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தான். சத்தியமாக. ஆனால் சில நாள் கழித்து ஒரு மத்தியானம், இயந்திர அறையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் அந்த வெள்ளைக் கட்டம் திறந்திருந்தது. அவன் விரல் தானாக எழுதத் தொடங்கியது. 'என் மகள் வந்தாள்.' எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் என்று அவன் இதுவரை வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. பிறந்த அன்றே போனவள் என்று எழுதினான், சீருடையை எழுதினான், சாவியை எழுதினான். 'அம்மா, தண்ணி' என்று வர வேண்டிய இடத்தில் 'அப்பா, தண்ணி' என்று எழுதினான். அனுப்பினான். அனுப்பிவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். சக்கரம் போட்ட இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பதில் வந்தபடி இருந்தது. 'உங்க மனசுக்கு என் ஆறுதல்' என்று யாரோ. 'எனக்கும் இப்படி ஒரு பையன் இருக்கான், கனவுல மட்டும்' என்று இன்னொருவர். போர்வை எழுதியிருந்தாள்: 'அண்ணே, அடுத்த தடவை அவ வர்றதுக்கு முன்னாடியே தண்ணிய ரொப்பி கையில வச்சிக்கிட்டு நில்லுங்க.' பேருந்தில் நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். இறங்க வேண்டிய நிறுத்தம் போனதே தெரியவில்லை.

அடுத்த சில நாளில் மையம் அதை 'இந்த வாரக் கனவு' என்று தளத்தின் முகப்புப் பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டது. இவனுக்குப் பகீர் என்றது. எடுத்துவிடலாம் என்று போய்ப் பார்த்தால், முகப்புக்குப் போன கனவை எழுதினவரே நீக்க முடியாதாம், மையத்தில் கேட்க வேண்டுமாம். சரி, அவள் எங்கே இதையெல்லாம் பார்க்கப் போகிறாள் என்று விட்டுவிட்டான். மடையன்.

அன்றைக்கு வேலை முடிந்து வந்தபோது மனைவி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து கழற்றவே இல்லை. விளக்கும் போடவில்லை.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்றான்.

"எங்க கடையில புதுசா சேர்ந்த பொண்ணு இருக்கால்ல," என்று அவள் ஆரம்பித்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சாப்பிடும்போது ஃபோன்ல ஏதோ படிச்சிட்டு மூக்க உறிஞ்சினா. என்னடி அழுறேன்னு கேட்டேன். பாவம்க்கா ஒரு மனுஷன், செத்துப்போன பொண்ணு கனவுல வந்து தண்ணி கேட்டுச்சாம்னு படிச்சுக் காட்டினா. சீருடை. சாவி. பையை மூலையில எறிஞ்சது. எல்லாம் படிச்சா."

லிஃப்ட்காரன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருடி எழுதினதுன்னு கேட்டேன். பேரு தூங்குமூஞ்சியாம். ரொம்ப நல்லா எழுதுவாராம், அவ ஒண்ணு விடாம படிப்பாளாம். கடல மடிச்சு அலமாரில வச்ச ஆளாம்."

"நான் வந்து..."

"பேசாதீங்க!" வீடே அதிர்ந்தது. "மத்ததெல்லாம் போகட்டும். கடலு, பஸ்ஸு, படிக்கட்டு, எல்லாத்தையும் வித்துத் தின்னுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. இத எப்படிங்க மனசு வந்து எழுதினீங்க? அவளுக்குன்னு நான் வச்சிருந்த ஒரே இடம் அது. அதையும் வாடகைக்கு விட்டுட்டீங்களே!"

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இனிமே வரமாட்டா."

மறுநாள் காலையில் தேநீர் கொதித்தது. அவள் ஊற்றிக் கொடுத்தாள். அவன் மேடையில் சாய்ந்து நின்றான்.

"என்ன கண்டே?" என்று கேட்டான், அடிக்குரலில்.

"ஒண்ணுமில்ல."

அவள் கண்டிருக்கிறாள் என்று அவள் முகமே சொன்னது. அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து தேநீர் ஒருநாளும் பொங்கி வழியவில்லை.

அவன் மையத்துக்குப் போனான். கையில் கருவிப்பை இருந்ததால், வரவேற்பில் இருந்தவர், "லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்று கிசுகிசுத்தார். "நான் லிஃப்டுக்கு வரல, கனவுக்கு வந்திருக்கேன்," என்றான் இவன். மூன்றாவது மாடியில் அந்தத் தளத்தைக் கவனித்துக்கொள்கிற அம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தூங்குமூஞ்சி," என்றான்.

"நீங்களா!" அந்த அம்மா எழுந்தே விட்டாள். "உட்காருங்க, உட்காருங்க. உங்களப் பத்தி எங்க ஆளு ஒருத்தர் கட்டுரையே எழுதிட்டு இருக்கார். இயந்திர வேலை பார்க்கிற ஆம்பளைங்களுக்கு இவ்வளவு ஈரமான கனவா, கடலு, மழை, கிணறுன்னு ஒரே ஆச்சரியம் அவருக்கு. அந்த வளையலுக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கார்."

"அது என் வீட்டுக்காரி வளையல்ங்க. கனவும் அவளோடதுதான். எல்லாமே."

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், பக்கத்து அறையில் யாரோ உறங்கிக்கொண்டிருந்தார்கள். "போச்சு. ரெண்டு பக்கமும் போச்சு," என்றாள். சிரிப்பு அடங்கியதும் அவன் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு கனவும் அவங்களுதா?"

அவன் தலையாட்டினான். "எடுத்துடுங்க. அத மட்டும் இல்ல, எல்லாத்தையும்."

"எடுத்துடலாம். ஆனா கீழே ஜனங்க எழுதினதெல்லாம் சேர்ந்து போயிடும். உங்களுக்குச் சொன்ன ஆறுதல் எல்லாம்."

இதை அவன் யோசிக்கவே இல்லை. "ஒருதடவை படிச்சுக்கிறேன்," என்றான். அந்த அம்மா திரையை அவன் பக்கம் திருப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போனாள். அவன் மேலிருந்து கீழ்வரை படித்தான். போர்வை எழுதியதை இரண்டுமுறை படித்தான். அந்த அம்மா திரும்பி வந்ததும், "சரிங்க," என்றான். ஒரு பொத்தானை அழுத்தினாள், எல்லாம் போய்விட்டது. தூங்குமூஞ்சி என்ற பேர் மட்டும் மிச்சம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

வாசல்வரை வந்த அந்த அம்மா, "உங்களுக்கு நெசமாவே கனவு வராதா?" என்று கேட்டாள்.

"வராதுங்க. வந்திருந்தா இந்தத் திருட்டு எதுக்கு?"

"வராத ஆள் ரொம்பக் குறைவு. எழுந்திருக்கிற வேகத்துல கொட்டிடும். முழிப்பு வந்ததும் கண்ணத் திறக்காம, புரளாம, அப்படியே கெடங்க. ஏதாவது ஒட்டியிருந்தா தெரியும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். "எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"படிச்சவங்க மனசுல இருந்து எடுத்துட்டீங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்த அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தான்.

"அவ பொறந்த அன்னிக்கு எல்லாரும் உன்னப் பார்க்க வந்தாங்க. உன் அக்கா வந்தா, உன் சித்தி வந்தாங்க, உன் தலையத் தடவிக் கொடுத்தாங்க. என்னை மருந்து வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினாங்க. அந்த மருந்து எங்கயும் கிடைக்கல. கடை கடையா அலைஞ்சு வாங்கிட்டு வந்து பார்த்தா, எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீ அவ முகத்தப் பார்த்தே. நான் பார்க்கல. உனக்காவது வருஷத்துக்கு ஒருதடவை வர்றா. எனக்கு அவ வந்ததே இல்லையே. எழுதினப்போ ஒரு நிமிஷம் எனக்கும் வந்த மாதிரி இருந்துச்சு. தப்புதான். உன்னோடத எடுத்தது தப்புதான்."

அவள் கையில் இருந்த சட்டையை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சோறு போடும்போது, "இன்னும் கொஞ்சம் வச்சிக்கோங்க," என்றாள். அவ்வளவு தூரம் இறங்கி வந்தாள். கனவு மட்டும் சொல்லவில்லை.

லிஃப்ட்காரன் கனவு பழக ஆரம்பித்தான். கைப்பேசியைச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டுப் படுத்தான். முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காமல் பிணம்போலக் கிடந்தான். ஒட்டியிருந்தது ஒன்றுமில்லை, முதுகுவலிதான் ஒட்டியிருந்தது. காலை அழைப்பை எடுக்கவில்லை என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். "ஒரு குடும்பமே லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது, நீ கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருக்கியா? என்ன, தியானமா?" பிறகு அவனைப் பிற்பகல் வேலைக்கு மாற்றிவிட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றினார். இவனுக்கு அது வரமாகப் போயிற்று.

வருஷம் ஒன்று ஓடிற்று. மறுபடியும் மழை தொடங்கியது. அந்த வாரம் மனைவி சீக்கிரமாகவே படுக்கப் போனாள். காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்த்தபடி கிடப்பாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் கிடப்பான். ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, வாரமே போயிற்று. மழை சோவென்று பெய்து, விட்டுவிட்டுப் பெய்து, தூறலாகவும் ஆகிவிட்டது.

ஒருநாள் தேநீரை வடிகட்டிக்கொண்டே அவள் சொன்னாள், "வரல."

திட்டியிருந்தாலாவது தாங்கிக்கொண்டிருப்பான். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. தேநீர்க் குவளையை அப்படியே வைத்துவிட்டுப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். தான் ஒரு பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டோம் என்று நினைத்தான். எந்த ஆராய்ச்சி மையம் என்ன சொன்னாலும் சரி, அவனுக்கு அது அப்படித்தான்.

தூறலும் நின்று வெயில் வந்த ஒரு காலையில் அவனுக்கு முழிப்பு வந்தது. வழக்கம்போலக் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி, அசைந்தால் வழிந்துவிடும்போல. அவன் அசையவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, அது என்னவென்று பார்த்தான்.

"ஏய்," என்றான், கண்ணைத் திறக்காமலே. "முழிச்சிருக்கியா?"

"ம்."

"எனக்கு ஒண்ணு வந்துச்சு."

பக்கத்தில் போர்வை அசைந்தது. அவள் இவன் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"பெருசா ஒண்ணுமில்ல," என்றான். "நீ காண்ற மாதிரி கடலு, மழைன்னு எதுவும் இல்ல. நம்ம வீடுதான். கதவு சாத்தியிருக்கு. நான் உள்பக்கமா நிக்கிறேன். கையில தம்ளர் நிறைய தண்ணி. அவ்வளவுதான்."

"யாரு வந்தா?"

"யாரும் வரல. தண்ணியோட நின்னுக்கிட்டே இருந்தேன். கை வலிச்சுச்சு. கீழ வைக்கலாமான்னு தோணிச்சு, வைக்கல. வந்து கேட்டா உடனே கொடுக்கணுமே."

அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தக் கதவு போய்விடும் என்று பயம்.

"எந்தத் தம்ளர்?" என்று கேட்டாள்.

"அந்த வாய் நசுங்கினது."

"நானும் அதத்தான் எடுப்பேன்," என்றாள் அவள். குரல் ஒருமாதிரியாக இருந்தது. பிறகு, "இதப் போயி அதுல எழுதுங்க. இது உங்களோடதுதானே," என்றாள்.

"வேணாம். வெளிய சொன்னா அப்புறம் வரமாட்டா."

அவள் சிரித்தாள். ஒரு வருஷமாக அவன் கேட்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சமையலறை இழுப்பறைக்குள் கைப்பேசி அலற ஆரம்பித்தது. காலை வேலைக்கு ஆள் போதவில்லைபோல, எங்கோ யாரோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். இருவரும் அசையவில்லை.

"இன்னிக்கு ராத்திரியும் போய் அங்கயே நில்லுங்க," என்றாள் அவள். "கை வலிச்சா மாத்திப் பிடிச்சுக்கோங்க, கீழ வச்சிடாதீங்க. கதவத் தாழ்ப்பாள் மட்டும் போட்டுடாதீங்க. சாவி அவகிட்டயே இருக்கு."